சீட் ஹீட்டர் லைட் எரியுது, ஆனா சீட் சூடாகல: 2007 மாடல் செடான், புதுச்சேரி

உப்பளத்தான் | 8 ஜூன் 2025, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2007 மாடல் ஐரோப்பிய டீசல் செடான். 2019-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். முன் சீட் இரண்டிலும் ஹீட்டர் உண்டு.

நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். வாங்கி மூன்று வருஷம் நானும் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை. அப்புறம் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. ஏசி போட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஏசி இல்லாமல் மே மாசத்தில் மரப்பாலம் சிக்னலில் நிற்க முடியாது. ஒருநாள் ஏசியையும் போட்டு, இடப்பக்க சீட் ஹீட்டரையும் போட்டுப் பார்த்தேன். வில்லியனூர் தாண்டுவதற்குள் "இதமா இருக்குடா" என்றார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்தச் சீட் அம்மாவுடையது.

இந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து அது சரியில்லை. சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது. இருபது நிமிஷம் ஆனாலும் கை வைத்தால் லேசான வெதுவெதுப்புதான். ஓட்டுநர் சீட்டில் வேறு மாதிரி: லைட் மூன்று முறை மினுக்கி அணைந்துவிடுகிறது, சூடு துளியும் இல்லை.

ஒரு முன்கதையும் உண்டு. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று வண்டி வீட்டு வாசலில் நின்றது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். தெருத் தண்ணீர் கதவின் கீழ் விளிம்பு வரை வந்து வடிந்தது. சீட் நனையவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஃப்யூஸைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. வோல்ட், மின்தடை அளக்கும் மீட்டர் எதுவும் வைக்காமல், "சூடு தர்ற கம்பி (எலிமென்ட்) போச்சு, சீட்டையே மாத்தணும், ஒரு சீட் 62,000" என்றார்கள். வண்டியே இன்று அதைவிட மூன்று மடங்குதான் போகும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரோவில்_ரோடு | 8 ஜூன், காலை 9.32

அம்மாவுக்கு ஒரு எலக்ட்ரிக் வெந்நீர்ப் பை வாங்கிக் கொடுங்களேன். ஐநூறு ரூபாய்க்குள் முடியும். பழைய வண்டி வயரிங்கில் கை வைத்தால் ஒன்று போய் நான்கு வரும்.

உப்பளத்தான் | 8 ஜூன், காலை 9.50

வாங்கினோம் சகோ. பிரேக் போட்டால் நழுவுகிறது, பெல்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. இடுப்பு, தொடை இரண்டுக்கும் சேர்ந்து வருகிற சூடு அதில் இல்லை.

வில்லியனூர்_வயர்மேன் | 8 ஜூன், இரவு 10.15

தம்பி, சீட்டைப் பிரிக்காதீங்க. முப்பது வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், மீட்டர் வைக்காம சீட் போச்சுன்னு சொல்றவங்க பேச்சை எடுத்துக்காதீங்க.

நீங்க சொன்ன ரெண்டு சீட்டும் ரெண்டு வேற நோய். டிரைவர் சீட் மினுக்கி அணையுதுன்னா கரண்ட் போக வழியே இல்லை, எங்கேயோ அறுந்திருக்கு. கன்ட்ரோல் யூனிட் அதைக் கண்டுபிடிச்சு நிறுத்துது. இடப்பக்கம் அப்படி இல்லை. லைட் நிக்குது, கொஞ்சம் சூடும் வருது. அறுந்த எலிமென்ட் கொஞ்சமா சூடாகாது. சூடானா முழுசா ஆகும், இல்லைன்னா இல்லை. அதனால இடப்பக்கம் எலிமென்ட் நல்லாத்தான் இருக்கணும், கரண்ட்தான் முழுசா வந்து சேரலை. அங்கிருந்து ஆரம்பிங்க.

தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கும், அது பக்கவாட்டு ஏர்பேக். அதைக் கழட்டவும் கூடாது, அதுல மீட்டர் முனை வைக்கவும் கூடாது. மீட்டர் ஓம்ஸ்ல (மின்தடை அளக்குறப்போ) அனுப்புற சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். சீட்டை அசைக்கிற வேலைன்னா முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு பத்து நிமிஷம் காத்திருங்க. மஞ்சள் கனெக்டர் கழண்டிருக்கும்போது சாவி போட்டாலும் டாஷ்போர்டுல ஏர்பேக் லைட் அணையாம நின்னுடும், அப்புறம் ஸ்கேனர் வச்சுத்தான் அழிக்கணும்.

இப்ப அளக்குற முறை. எல்லாரும் சீட் ஹீட்டர் கனெக்டரைக் கழட்டிட்டு வோல்ட் பார்ப்பாங்க. 12 காட்டும். "சப்ளை ஓகே, சீட்தான் போச்சு"ன்னு முடிச்சுடுவாங்க. அது தப்பு. லோடு இல்லாதப்போ, அதாவது கரண்ட் ஓடாதப்போ, தலைமுடி அளவு வயர்ல கூட 12 வோல்ட் காட்டும். கனெக்டர் மாட்டியிருக்கணும், ஹீட்டர் ஓடிக்கிட்டு இருக்கணும். பின்பக்கம் வயர் நுழையிற இடத்துல மெல்லிய குண்டூசியைச் செருகி அங்கே அளங்க. மூணு அளவு வேணும்:

சீட்டுக்குப் போற ரெண்டு வயருக்கும் நடுவுல எவ்வளவு. பேட்டரி பிளஸ்லேர்ந்து சீட்டோட பிளஸ் வயருக்கு எவ்வளவு. சீட்டோட எர்த் வயர்லேர்ந்து (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற வயர்) பேட்டரி மைனஸுக்கு எவ்வளவு. மீட்டர் வயர் எட்டாது, ரெண்டு மீட்டர் ஒயர் ஒண்ணு சேர்த்துக்கங்க.

அப்புறம் ஹீட்டரை அணைச்சு, கனெக்டரைக் கழட்டி, சீட் பக்கம் ஓம்ஸ் பாருங்க. மீட்டரோட ரெண்டு முனையையும் ஒட்ட வச்சா 0.2, 0.3 காட்டும், அதைக் கழிச்சுடணும். அளக்குறதே ரெண்டு ஓம், இதை விட்டுட்டா கணக்கு கெட்டுடும்.

உப்பளத்தான் | 10 ஜூன், இரவு 8.40

அண்ணே, நீங்கள் சொன்னபடியே அளந்தேன். வண்டி ஸ்டார்ட் செய்யவில்லை, சாவி மட்டும்.

இடப்பக்க சீட்:
கனெக்டர் கழட்டி: 12.3 வோல்ட்.
மாட்டி, ஹீட்டர் ஓடும்போது சீட்டில்: 6.2.
பிளஸ் பக்க இழப்பு: 0.6.
எர்த் பக்க இழப்பு: 5.6.
பேட்டரியில் அப்போது 12.4.
ஓம்ஸ்: அடி 1.4, முதுகு 1.1, இரண்டும் தொடராக 2.5.

ஓட்டுநர் சீட்: முதுகு 1.1. அடி முடிவிலி, மீட்டர் அசையவே இல்லை.

கழட்டியபோது 12.3 பார்த்ததும், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மை போல என்று ஒரு நிமிஷம் சோர்ந்துபோனேன். மாட்டிவிட்டு 6.2 பார்த்தபோது கை நடுங்கியது.

மஞ்சக்குப்பம்_வாத்தியார் | 10 ஜூன், இரவு 9.25

கடலூரில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். தம்பியின் எண்கள் பாடப்புத்தகத்தில் போடலாம் போலிருக்கின்றன, கணக்கை எழுதுகிறேன்.

6.2 + 0.6 + 5.6 = 12.4. பேட்டரியின் வோல்ட் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது, ஆக அளந்தது சரி. சீட்டில் ஓடும் மின்னோட்டம் 6.2 வகுத்தல் 2.5, ஏறக்குறைய 2.5 ஆம்பியர். சீட்டுக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 15 வாட். இழப்பே இல்லாவிட்டால் 12.4 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடி 61 வாட் வரும். வோல்ட் பாதியாகக் குறைந்தால் சூடு பாதியாகாது, கால்வாசியாகும். வெதுவெதுப்புக்கு மேல் ஏன் ஏறவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றைக் கவனியுங்கள், எனக்கு இதுதான் கவலை. எர்த் பக்கம் இழக்கும் 5.6 வோல்ட் எங்கும் மறைந்துவிடவில்லை. அதை 2.5 ஆம்பியரால் பெருக்கினால் 14 வாட். சீட் முழுவதும் பரவ வேண்டிய அளவுக்குச் சமமான சூடு ஒரு சின்ன இணைப்பில், கார்ப்பெட்டுக்கு அடியில் எங்கோ எரிந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஹீட்டரைப் போட வேண்டாம்.

வில்லியனூர்_வயர்மேன் | 10 ஜூன், இரவு 9.58

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. தம்பி, எர்த் பாயின்ட்தான். இடப்பக்க முன்கதவு படிக்கட்டு பிளாஸ்டிக்கைக் கழட்டினா கார்ப்பெட் தூக்கலாம். பாடியில ஒரு போல்ட்ல நாலஞ்சு பிரவுன் வயர் சேர்ந்திருக்கும்.

ஓ.டி.காரன் | 11 ஜூன், காலை 6.20

கடலூர் முதுநகர்லேர்ந்து எழுதுறேன். டிசம்பர்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்தப்போ எங்க சித்தப்பா வண்டி ஆல்பேட்டையில மாட்டிக்கிச்சு. இதே மாதிரி எர்த் பாயின்ட் எல்லாம் களிம்பு பூத்துச்சு, பின்லைட், பவர் விண்டோ எல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. அதனால கேக்குறேன்: கார்ப்பெட் இப்ப காஞ்சிருக்கா, ஈரமா இருக்கா? மேல தொட்டுப் பார்க்காதீங்க. அடியில ஃபோம் இருக்கும், அதை அழுத்திப் பாருங்க.

உப்பளத்தான் | 11 ஜூன், இரவு 7.45

ஓ.டி. அண்ணே, நல்ல கேள்வி. அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. புயல் போய் ஆறு மாசம் ஆகிறது. அக்னி நட்சத்திரம் முழுக்க வண்டி வெயிலில்தான் நின்றது. எப்படி இன்னும் ஈரம்? முகர்ந்தால் சேற்று வாடை இல்லை, புழுங்கின துணி வாடை மட்டும்.

வில்லியனூர்_வயர்மேன் | 11 ஜூன், இரவு 8.10

தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஏசி போட்டு அரை மணி ஓட்டிட்டு நிறுத்தினா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதா?

உப்பளத்தான் | 11 ஜூன், இரவு 8.31

யோசித்துப் பார்த்தால் இந்த வருஷம் சொட்டிப் பார்த்த ஞாபகமே இல்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்தேன், குளிர் நன்றாகவே வருகிறது.

வில்லியனூர்_வயர்மேன் | 11 ஜூன், இரவு 8.44

அங்கேதான் இருக்கு. ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. நம்ம கடலோரக் காத்துல ஈரம் அதிகம், ஒரு மணி நேரம் ஏசி ஓடினா ஒரு லிட்டருக்கு மேலகூடப் பிடிக்கும். வெளிய போக வழி இல்லைன்னா உள்ளே இடப்பக்கம் கால் வைக்கிற இடத்துல இறங்கும். அங்கேதான் உங்க எர்த் பாயின்ட். புயல் தண்ணி ஒரு தடவை வந்து வண்டலை விட்டுட்டுப் போச்சு. அதுக்கு அப்புறம் தினமும் ஊறப் போட்டது ஏசி. ஈரத்துல ஊறின செம்புல கரண்டும் ஓடினா அரிப்பு பல மடங்கு வேகம்.

முதல்ல குழாயைச் சுத்தம் பண்ணுங்க. எர்த்தை மட்டும் சரி பண்ணினா ஐப்பசிக்குள்ள திரும்பவும் இதே இடத்துல நிப்பீங்க. கம்பியை வேகமா குத்தாதீங்க, உள்ளே கூலிங் காயில் இருக்கு, ஓட்டை விழுந்தா பெரிய செலவு. அடியிலேர்ந்து ரப்பர் முனையைப் பிதுக்கி விட்டாலே பாதி வந்துடும்.

உப்பளத்தான் | 15 ஜூன், இரவு 9.20

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. விவரமாக எழுதுகிறேன், நாளைக்கு வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்.

வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடியில் படுத்தேன். எஞ்சின் பின்சுவர் அருகே வளைந்த ரப்பர் குழாய், கட்டைவிரல் தடிமன். பிதுக்கியதும் கறுப்பாக மக்கிய வேப்பிலையும் களிமண்ணும் கொழகொழவென்று வந்தது. அதற்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் என் முகத்திலேயே கொட்டியது. எங்கள் தெருவில் வண்டி நிற்பது வேப்ப மரத்தடியில். இத்தனை வருஷமும் அந்த இலை கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சந்து வழியாக உள்ளே போயிருக்கிறது.

பேட்டரியைக் கழட்டி, இடப்பக்க சீட்டின் நான்கு போல்ட்டையும் எடுத்து, சீட்டைப் பின்பக்கம் சாய்த்து வைத்தேன். மஞ்சள் கனெக்டரைத் தொடவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கியபோது ஃபோம் கனத்தது. மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டும் நடுப்பகுதி ஞாயிறு மாலைதான் காய்ந்தது.

எர்த் போல்ட் இருந்த நிலையைச் சொல்கிறேன். ஐந்து வயர் லக் (வயர் முனையில் போல்ட்டுக்கு மாட்டும் உலோக வளையம்). மேலே இருந்த மூன்று கறுத்திருந்தன, அவ்வளவுதான். பாடியை ஒட்டி அடியில் இருந்த லக்தான் சீட்டுடையது. அது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, தொட்டவுடன் வயர் கையோடு வந்துவிட்டது. நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேல் உறை ஒரு அங்குல நீளத்துக்குப் பழுப்பேறி இறுகிக் கிடந்தது. வாத்தியார் ஐயா சொன்ன 14 வாட் அங்கேதான் எரிந்திருக்கிறது. பக்கத்தில் கார்ப்பெட் ஃபோம். ஈரமாக இருந்ததால் பற்றாமல் இருந்ததோ என்று நினைக்கிறேன், நினைக்கவே பயமாக இருக்கிறது.

கெட்ட வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டினேன். அரை அடி போயிற்று, உள்ளே அவ்வளவு தூரம் கறுப்பு ஏறியிருந்தது. அதே தடிமனில் புது வயர் சேர்த்து, புது லக் க்ரிம்ப் செய்து, இணைப்பின் மேல் பசையுள்ள சுருங்குக் குழாய் போட்டேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தேன். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசினேன். முதலில் பூசிவிட்டு இறுக்கலாமா என்று கேட்டபோது, இரும்பும் லக்கும் நேராகக் கடிக்கட்டும், பூச்சு வெளியே போதும் என்று வயர்மேன் அண்ணன் போனில் சொன்னார். சீட் கனெக்டரில் எர்த் பின் ஒன்றும் கருகியிருந்தது. அந்த அளவு பின் இங்கே கிடைக்கவில்லை. நண்பர் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வாலோடு (வயர் துண்டோடு) ஒரு கனெக்டர் வாங்கி வந்தார், 150 ரூபாய்.

இப்போது எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8. சீட்டில் 13.3. எர்த் இழப்பு 0.08, மீதி பிளஸ் பக்கம். ஏழு நிமிஷத்தில் கை வைக்க நல்ல சூடு.

மொத்தச் செலவு 640 ரூபாய், அதில் சுருங்குக் குழாயும் லக்கும் பாதி. அண்ணே, ஐயா, ஓ.டி. அண்ணே, மூன்று பேருக்கும் அம்மா சார்பிலும் நன்றி.

ஓ.டி.காரன் | 16 ஜூன், காலை 6.05

சூப்பர் தம்பி. டிரைவர் சீட்டை விட்டுடாதீங்க. எங்க வண்டியில அடி எலிமென்ட் அறுந்தது, நானே சரி பண்ணினேன். சீட் கவரைப் பின்பக்கம் கம்பி வளையம் கோர்த்திருப்பாங்க, வெட்டி எடுத்தா ஹீட்டர் கம்பி ஓடுற பேட் தெரியும். அறுந்த இடம் பெரும்பாலும் கதவுப் பக்கத்து ஓரம், ஏறி இறங்கும்போது நம்ம எடை விழுற இடம். சின்னச் செம்புக் குழாய்ல ரெண்டு முனையையும் நுழைச்சு அமுக்கினேன். சால்டர் பண்ணாதீங்க, ஒட்டாது, ஒட்டினாலும் விறைச்சுப் பக்கத்துல ஒடியும். ரெண்டு வருஷம் ஆச்சு, ஏற்காடு, ஊட்டி போறப்போ எல்லாம் ஓடுது.

வில்லியனூர்_வயர்மேன் | 16 ஜூன், இரவு 10.30

ஓ.டி. தம்பி மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். வயர் அறுந்தது சும்மா இல்லை. அது மடங்கி மடங்கி, இழை ஒவ்வொண்ணா போய், கடைசி ரெண்டு இழைமேல மொத்தக் கரண்டும் ஏறி, அங்கே கருகித்தான் அறுந்திருக்கும். அந்த இடத்துக்கு ரெண்டு அங்குலம் தள்ளி இருக்குற வயருக்கும் அதே வயசு, அதே மடிப்பு. அடுத்து அது கருகும். அதுவும் ஒருத்தர் தொடைக்கு அடியில.

ஃப்யூஸ் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. மொத்தக் கரண்ட் கொஞ்சமும் ஏறாது, சூடு மட்டும் ஒரு புள்ளியில சேரும். ஃப்யூஸுக்கு அது தெரியாது. வேணும்னா பேட் முழுசா மாத்துங்க, சென்சாரும் சேர்த்து. ஒட்டுப் போடாதீங்க.

ஓ.டி.காரன் | 17 ஜூன், காலை 6.15

என் பேட்ல கருகின தடம் இல்லைண்ணே, ஓரத்துல சுத்தமா ஒடிஞ்சிருந்துச்சு. கருகியிருந்தா நானும் தொட்டிருக்க மாட்டேன். தம்பி திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.

லாஸ்பேட்டை_பிசியோ | 17 ஜூன், மதியம் 1.40

நான் பிசியோதெரபிஸ்ட். தம்பி, உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா? கால் மரத்துப்போற மாதிரி ஏதாவது சொல்வாங்களா?

உப்பளத்தான் | 17 ஜூன், மாலை 6.20

இருக்கு அக்கா, பதினாலு வருஷமா மாத்திரை. உள்ளங்கால் மரத்திருக்கும் என்பார். இடுப்பு, தொடையில் உணர்வு நன்றாக இருக்கிறது.

லாஸ்பேட்டை_பிசியோ | 17 ஜூன், இரவு 9.05

அப்போ கொஞ்சம் கவனமா இருங்க. இத்தனை நாள் கால்வாசி சூட்டுல உட்கார்ந்து பழகினவங்க, இப்ப முழுச் சூடு வருது. சூட்டுப் புண்ணுக்குக் கொதிக்கிற சூடு வேணும்னு இல்லை. 44 டிகிரி இருந்தாலே போதும், பல மணி நேரம் ஒரே இடத்துல பட்டா தோல் வெந்துடும். உணர்வு குறைஞ்சவங்களுக்கு அது தெரியவே தெரியாது. சர்க்கரை இருக்குறவங்களுக்கு அந்தப் புண் ஆறவும் நாளாகும்.

சூட்டு ஒத்தடம் நானும் சொல்றதுதான், இடுப்பு இறுக்கத்துக்கு நல்லது. முதல் நிலையில வைங்க, பதினைந்து இருபது நிமிஷம், அப்புறம் அணைச்சுடுங்க. வீட்டுக்கு வந்ததும் தொடையில சிவப்புத் திட்டு இருக்கான்னு பாருங்க. தோலைத் தொடாம அளக்குற தெர்மாமீட்டர் இருந்தா சீட் மேல அளந்து எழுதுங்க. தூங்கிட்டாங்கன்னா உடனே அணைச்சுடணும்.

உப்பளத்தான் | 22 ஜூன், இரவு 8.50

அக்கா, நீங்கள் கேட்ட அளவு: அரை மணி ஓடிய பிறகு சீட் துணியின் மேல் முதல் நிலை 36, இரண்டாம் நிலை 41. ஆள் உட்கார்ந்திருந்தால் சூடு வெளியே போகாமல் இன்னும் ஏறும், இல்லையா? அதனால் இரண்டாம் நிலையை இனிமேல் போடுவதில்லை.

ஓட்டுநர் சீட்டைத் திறந்தேன். கதவுப் பக்க ஓரத்தில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்புத் தடம், ஃபோம் உருகிக் குழிந்திருந்தது. ஓ.டி. அண்ணன் சொன்ன சுத்தமான ஒடிசல் இல்லை, வயர்மேன் அண்ணன் சொன்னதுதான். அந்தச் சீட்டில் உட்காருபவன் நான், எனக்குச் சூடு தேவையில்லை. ஹீட்டர் கனெக்டரைக் கழட்டி, முனையை டேப் சுற்றிக் கட்டி வைத்துவிட்டேன். புதுப் பேட் கிடைத்தால் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பம்_வாத்தியார் | 22 ஜூன், இரவு 9.30

நல்ல முடிவு தம்பி. எர்த் இழப்பு 0.08 என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்து தை மாதம் மறுபடியும் அளந்து எழுதுங்கள். 0.3 தாண்டினால் மறுபடி அரிக்கிறது என்று பொருள்.

உப்பளத்தான் | 29 ஜூன், இரவு 10.05

குறித்துவிட்டேன் ஐயா, சர்வீஸ் நோட்டின் முதல் பக்கத்தில்.

இன்று அம்மாவைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போய் வந்தேன். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினோம், ஏசி, சீட் முதல் நிலை. திண்டிவனத்தில் அணைத்தேன். செஞ்சி தாண்டி மறுபடி கொஞ்ச நேரம் போட்டேன். கோட்டை மலை பின்னால் மறைகிற இடத்தில் அம்மாவே சொன்னார்: "போதும்டா, சுடுது, அணைச்சிடு."

இறங்கும்போது வண்டிக்கு அடியில் பார்த்தேன். ஏசி தண்ணீர் வெளியே சொட்டிக்கொண்டிருந்தது.